உலக வரலாற்றில் முனைவர் பட்டம்: கோவையா, டெல்லியா, லைடனா?

எம்.ஏ. வரலாறு முடித்துவிட்டு பிஎச்.டி. பற்றி யோசிக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் கேட்பது "எந்த யுனிவர்சிட்டி?" என்பதுதான். எதை எழுதப்போகிறோம் என்று முடிவாகாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் ஒரு தலைப்பை வைத்தே ஒப்பிடுகிறேன்: கரும்பு.

கோவையில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், பார்பர், வெங்கட்ராமன் என்ற பயிர் விஞ்ஞானிகள் நாணல் போன்ற காட்டுக்கரும்பைத் தோட்டக்கரும்போடு கலந்து கோ 205 ரகத்தை உருவாக்கினார்கள் (கோ என்பது கோயம்புத்தூர்). 1918-இல் அது வெளிவந்தது. பின்னால் வந்த கோ ரகங்கள் தென்னாப்பிரிக்கா, அமெரிக்காவின் லூசியானா வரை போயின. அதே காலத்தில் டச்சுக்காரர்கள் ஆண்ட, இன்று இந்தோனேசியாவில் இருக்கும் ஜாவாத் தீவிலிருந்து சர்க்கரை இந்தியாவுக்குள் வந்து குவிந்துகொண்டிருந்தது. 1929-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. 1932-இல் வெளிநாட்டுச் சர்க்கரைக்கு வரி போட்டு உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஜாவா இந்தியச் சந்தையை இழந்தது. கவுந்தப்பாடியில் நாட்டுச்சர்க்கரை காய்ச்சும் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான உலக வரலாறு எது? ஆனால் இதை எழுதக் கொஞ்சம் பயிர் மரபியலும் கொஞ்சம் பொருளாதாரமும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கோவை. பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் பதிவு செய்தால் செலவு குறைவு, வீட்டுச் சாப்பாடு. கல்லூரியில் வேலை பார்ப்பவர் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கிக்கொண்டு பகுதி நேரமாகவும் செய்யலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகள் அதை அனுமதிக்கின்றன. ஆனால் கோவையின் உண்மையான பலம் வேறு. கரும்பு நிறுவனமும் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதே ஊரில் இருக்கின்றன. ஒரு ரகம் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பயிர் விஞ்ஞானியிடமே உட்கார்ந்து கற்கலாம். வேறு நிறுவனத்திலிருந்து இணை நெறியாளர், அதாவது இரண்டாவது கைடு, வைத்துக்கொள்ளவும் அதே விதிகளில் இடம் உண்டு. பல துறை ஆய்வு என்று சொல்லிக்கொண்டு முன்னுரையில் நாலு கோட்பாட்டுப் பெயர்களை அடுக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

குறையையும் சொல்ல வேண்டும். இங்கே பெரும்பாலான வரலாற்று ஆய்வேடுகள் மாவட்ட எல்லையிலேயே நின்றுவிடுகின்றன. ஜாவாவைப் பற்றிக் கேள்வி கேட்கும் கைடு கிடைப்பது அரிது. கைடு கேட்காத கேள்வியை மாணவர் தனியாக ஐந்து வருடம் கேட்டுக்கொண்டிருப்பது பெரிய சுமை. மூல ஆவணங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் வரை போய்த்தான் ஆக வேண்டும்.

டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆய்வு மையத்துக்குப் பெயர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பொருளாதாரத்துக்கும் அறிவியல் கொள்கைக்கும் அதே வளாகத்தில் தனித்தனி மையங்கள் இருப்பது. பக்கத்து மையத்தின் கருத்தரங்கில் போய் உட்கார்ந்து, நம் அத்தியாயத்தை அவர்கள் கிழித்துப் போடுவதைக் கேட்பதுதான் பயிற்சி. தேசிய ஆவணக் காப்பகமும் அதே நகரத்தில். ஏகாதிபத்திய அரசின் வேளாண்மை, வணிகக் கோப்புகளுக்கு அங்கேதான் போக வேண்டும். ஜேஆர்எஃப் (நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுப்பவர்களுக்குக் கிடைக்கும் ஆய்வு உதவித்தொகை) இருந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000 ரூபாய், வாடகைப்படி தனி. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய வீடுகளில் இதுதான் முடிவைத் தீர்மானிக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நெதர்லாந்தின் லைடன் முற்றிலும் வேறு மாதிரி. அங்கே நிதியுள்ள பிஎச்.டி. இடம் என்பது பெரும்பாலும் நான்கு வருட வேலை, சம்பளம் உண்டு. இந்தோனேசியா பற்றிய மிகப் பெரிய நூல் தொகுப்புகளில் ஒன்று பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. டச்சுக் காலனி அமைச்சகத்தின் கோப்புகள் பக்கத்து நகரமான ஹேக்கில். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதலாம், ஆனால் கோப்புகள் டச்சில் இருக்கும். அந்த மொழியைப் படிக்கக் கற்காமல் போவது வீண். இடங்களும் குறைவு, பல இடங்கள் முன்பே தீர்மானித்த ஆய்வுத் திட்டத்தோடுதான் வரும். உங்கள் கரும்பை அவர்கள் திட்டத்துக்குள் நுழைக்க வேண்டியிருக்கும்.

பிரிட்டனில் மூன்று நான்கு வருடத்தில் முடியும். உதவித்தொகை இல்லாமல் கட்டணம் தாங்காது. அமெரிக்காவில் முதல் இரண்டு மூன்று வருடம் வகுப்பும் தேர்வும், முடிக்க ஆறேழு வருடம். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையை நம்பியிருக்கும் பட்டியல் சாதி மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்திய வரலாறு, பண்பாடு, இந்தியச் சமூகம் பற்றிய தலைப்புகளுக்கு அது கிடையாது என்று 2022-இல் விதி கொண்டுவந்தார்கள். அநியாயமான விதி. தன் ஊரின் வரலாற்றை எழுத நினைக்கும் பிள்ளைக்கே அது கதவை அடைக்கிறது.

என் தேர்வு இதுதான். ஜேஆர்எஃப் கையில் இருக்கும் இளையவர் என்றால் டெல்லியில் சேர்ந்து, இணை நெறியாளரைக் கோவையிலிருந்து கேட்டு வாங்குங்கள். குடும்பமும் வேலையும் உள்ளவர் கோவையிலேயே செய்யலாம். ஆனால் ஜாவாவை விட்டுவிட்டு, கோ ரகங்கள் இங்கே உருவான கதையை மட்டும் ஆழமாக எடுங்கள். அது முழு ஆய்வேட்டுக்குப் போதுமான விஷயம். ஜாவாவின் வீழ்ச்சிதான் உங்கள் கேள்வி என்றால் லைடனைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இந்த வருடமே டச்சைத் தொடங்கிவிடுங்கள்.

இந்தியாவில் சேருவதாக இருந்தால் நெட் எழுதும் முன்பே கைடிடம் பேசிவிடுங்கள். ஜேஆர்எஃப் இல்லாமல் பிஎச்.டி. தகுதி மட்டும் கிடைத்தால், அந்த மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும்.