மாமா போனுக்கு வந்த ஓடிபி

மெல்பர்னில் டிசம்பர் மூன்றாம் வாரம் பள்ளிக்கூடம் மூடினால் ஜனவரிக் கடைசியில்தான் திறப்பார்கள். அதில் நான்கு வாரத்தை ஊருக்கென்று ஒதுக்கி, சிங்கப்பூர் வழியாகக் கோவையில் வந்து இறங்கினோம். எங்கள் பிள்ளைகளைப் பொறுத்தவரை ஊர் என்றால் அம்மிச்சி வீடு, கோவில், யாருடைய கல்யாணமோ ஒன்று, மறுபடி கோவில். போன தடவையே பெரியவள், “இந்தியாவுல எங்களுக்குன்னு ஒரு நாள்கூடக் கிடையாதாம்மா?” என்று கேட்டிருந்தாள். இந்த முறை இரண்டு நாளை அவர்களுக்கே கொடுப்பது என்று முடிவு செய்தேன். ஆனால் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. மேட்டுப்பாளையம் வனபத்ரகாளியம்மன் கோவிலுக்கு என்று சொல்லிக் கூட்டிப்போய், சாமி கும்பிட்டதும் வண்டியை ஊட்டி ரோட்டில் விட்டு பிளாக் தண்டர் நீர் விளையாட்டுப் பூங்கா வாசலில் நிறுத்த வேண்டும். ஒன்றுக்குப் பதினொரு வயது, இன்னொன்றுக்கு ஆறு. ஏமாற்றுவது சுலபம் என்றுதான் நினைத்தேன்.

டிக்கெட்டை மெல்பர்னிலிருந்தே எடுத்துவிடலாம் என்று ஒரு பயணப் பதிவுத் தளத்தைத் திறந்தேன். பெயர், தேதி, எத்தனை பேர், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. கைப்பேசி எண் கேட்ட இடத்தில் மட்டும் +91 ஆணி அடித்தது போல நின்றது. சரி என்று அண்ணன் எண்ணைப் போட்டேன். எனக்குக் காலை பதினொரு மணி, அவனுக்கு விடிகாலை ஐந்தரை. எழுப்பி ஓடிபி கேட்டால், அவன் கண்ணாடியைத் தேடிப் போட்டு வாசிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாம் தடவை எண் சரியாக விழுந்தது, ஆனால் ஆஸ்திரேலிய கார்டு செல்லாது என்று வந்தது. மூன்றாம் தடவை அழைத்தபோது, “நீ பேசாம கெளம்பி வா, இங்க வந்து பாத்துக்கலாம்” என்று வைத்துவிட்டான்.

வந்த பிறகும் அதே கதைதான். பாஸ்போர்ட்டும் போட்டோவும் கொடுத்து சிம் வாங்கினால், “ரெண்டு மணி நேரத்துல ஆக்டிவேட் ஆயிருங்க” என்றார் கடைக்காரப் பையன். மறுநாள் சாயங்காலம் ஆனது. 2023 முதல் ஆஸ்திரேலியா உட்படச் சில நாடுகளின் எண்களை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ, என்ஆர்இ வங்கிக் கணக்கோடு இணைத்து யுபிஐ வைத்துக்கொள்ளலாம் என்று படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். என் கணக்கோ கேஒய்சி என்கிற அடையாள விவரத்தைப் புதுப்பிக்காமல் தூங்கிக்கொண்டிருந்தது. வங்கிக்கு மூன்று நடை நடந்தேன், அது கண் திறக்கவில்லை. கிளம்புகிறவர்கள் பெட்டி கட்டுவதற்கு முன்னால் இதைக் கவனித்துவிடுங்கள். இளநீர்க்காரர் வரைக்கும் கியூஆர் அட்டை வைத்திருக்கும் ஊரில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் “சில்லறை இல்லீங்களே” என்று நம்மைத்தான் பாவமாகப் பார்க்கிறார்கள். கடைசியில் டிக்கெட், வாடகை வண்டி, தங்கும் அறை எல்லாமே அண்ணன் போனில்தான் நடந்தது. ரகசியம் மொத்தமும் அந்தப் போனுக்குள் போனது அப்படித்தான்.

இரண்டாம் நாள் குன்னூர் வரை மலை ஏறலாம் என்று எண்ணம். மலை ரயிலுக்கு ஆசைப்பட்டேன். முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது 2024 நவம்பரில். அதை நான் தெரிந்துகொண்டு உள்ளே போனபோது காத்திருப்போர் பட்டியல் நீண்டிருந்தது. காரில்தான் போக வேண்டும், காருக்கு இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. இதற்கு எத்தனை ஓடிபியோ என்று பயந்துகொண்டே அரசுத் தளத்தைத் திறந்தால், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மின்னஞ்சல் முகவரியை வைத்தே பதியலாம் என்றிருந்தது. இந்தப் பயணத்தில் அண்ணனை எழுப்பாமல் முடிந்த ஒரே காரியம் அதுதான். பிளாக் தண்டர் அடிவாரத்திலேயே இருப்பதால் அங்கே மட்டும் போகிறவர்களுக்கு இந்தப் பாஸ் தேவையில்லை.

குறிப்பிட்ட நாள் காலையில் துடியலூர், காரமடை என்று வண்டி ஊர்ந்து போனது. மார்கழி மாதம், பாதி வண்டிகள் மாலை போட்ட சாமிகளோடு சபரிமலை போகிறவை. பெரியவள் பட்டுப்பாவாடையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். தேக்கம்பட்டியில் கோவிலுக்கு முன்னால் இறங்கியதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, “இன்னும் எத்தனை கோவில்மா?” என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. திட்டம் பிசகாமல் போகிறதே! அம்மா வேண்டுதலை நிறைவேற்றிக்கொண்டு ஆற அமர வந்தார். கிடா விருந்துக்கு வந்த கூட்டம், புகை, பவானி ஆற்றின் இரைச்சல். அங்கிருந்து கிளம்பவே பத்தரை.

ஊட்டி ரோட்டில் திரும்பி, பாக்குத் தோப்புகளைத் தாண்டி, பின்னால் மலை சுவர் மாதிரி எழுந்து நிற்க, பெயர்ப் பலகை வந்தது. சின்னவன் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு, “அங்க சறுக்கு இருக்குது! அங்க தண்ணி இருக்குது!” என்று கத்தினான். வண்டி உள்ளே திரும்பியபோது கத்தலை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வைக்காக வங்கிக்கு இன்னும் மூன்று நடைகூட நடக்கலாம்.

பருத்தித் துணியோடு தண்ணீருக்குள் இறங்கக் கூடாது, நைலான் உடைதான் போட வேண்டும் என்பது தெரிந்த விதி. வாடகைக்கும் கிடைக்கும். நான் மெல்பர்ன் நீச்சல் உடைகளையே கொண்டுவந்து, டிக்கியில் அம்மாவின் தூக்குப்போசிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். அம்மாவுக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. “தண்ணில எறங்கறதுக்குக் காசு குடுத்து, அதுக்கொரு துணியும் மாட்டோணுமா? பவானில சும்மா எறங்கலாமே கண்ணு.” அண்ணன் விடவில்லை. “பில்லூர் டேம்ல தண்ணி தெறந்தா தெரியுமாம்மா? எத்தனை பேரு போயிருக்கறாங்க.” அவன் சொன்னதுதான் சரி. ஆறு பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும், மேலே அணையில் திறந்துவிட்டால் மளமளவென்று ஏறிவிடும். வெளியூர் ஆட்கள் அங்கே இறங்காமல் இருப்பதே நல்லது.

உடை மாற்றும் அறையில் பெரியவள் பட்டுப்பாவாடையை அவிழ்த்தாள். உள்ளே நீச்சல் உடை. வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், அதன் மேலேயே பட்டு, அதன் மேலேயே கோவில், கும்பிடு, விபூதி எல்லாம்.

“எப்படீ தெரியும்?”

“மாமா போன்ல கேம் விளையாடிட்டு இருந்தேன். மேல மெசேஜ் வந்துச்சு. நாலு டிக்கெட் பெரியவங்களுக்கு, ரெண்டு சின்னவங்களுக்குன்னு.”

“என்னைக்கு?”

“திங்கக்கிழமை.”

அன்று வியாழன். மூன்று நாள் அந்த மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள். தம்பிக்கும் சொல்லவில்லை.

உள்ளே நல்ல கூட்டம். பள்ளிப் பேருந்துகளே வரிசையாக நின்றன. அரையாண்டு விடுமுறையில் இன்னும் நெரியும், அதைத் தவிர்த்து வார நாளாகப் பார்த்துப் போவது உத்தமம். மார்கழித் தண்ணீர் காலையில் சில்லென்று இருந்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் பல்லைக் கிட்டித்துக்கொண்டு இறங்க, என் பிள்ளைகளுக்கு அது வெந்நீர். அலைக் குளத்தில் அலை எழும்பும்போது முந்நூறு பேர் ஒரே தொண்டையில் “ஓ”வென்று ஊளையிடுகிறார்கள். மெல்பர்ன் நீச்சல் குளங்களில் இந்தச் சத்தம் கிடையாது. என் வீட்டுக்காரர் அதற்காகவே நாலு தடவை இறங்கினார்.

பெரிய சறுக்கு ஒன்றில் சின்னவனுக்கு உயரம் போதவில்லை. அளவுக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றான். குதிகாலைத் தூக்கினான். அங்கிருந்த ஊழியர் குனிந்து அவன் பாதத்தைத் தரையில் மெதுவாக அழுத்தி வைத்து, “இப்பப் பாரு சாமி, பத்தலையே. நல்லா சோறு தின்னுட்டு அடுத்த வருசம் வா” என்றார். நான் சிபாரிசு செய்யப் போனபோது அவர் காதிலேயே வாங்கவில்லை. அப்போது எரிச்சல்தான். ஈரம் காய்ந்த பிறகு மரியாதை வந்தது. அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, கணுக்கால் நனையும் இடத்தில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். காசு வீணாகவில்லை என்று பிறகு ஒப்புக்கொண்டார்.

மனம் கசந்தது இரவில்தான். பதிவு செய்து பாதிப் பணமும் கட்டியிருந்த விடுதியில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும், “ஃபாரின் பாஸ்போர்ட் நாங்க எடுக்கறதில்லீங்க” என்றார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர்கள் அதற்கென்று ஒரு படிவத்தைப் பதிய வேண்டும். சிறிய விடுதிகள் பலவும் அந்த வேலைக்கே போவதில்லை. அதைப் பதிவு செய்யும்போதே சொல்லியிருக்கலாம். தூங்கி விழும் பிள்ளைகளோடு வரவேற்பறையில் முக்கால் மணி நேரம் நின்று, அண்ணன் யார் யாருக்கோ போன் போட்டு, வேறு இடத்தில் படுத்தபோது மணி பதினொன்று. கட்டிய பணம் இன்னும் வந்து சேரவில்லை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்கள் அறை எடுக்கும்போது இந்த ஒரு கேள்வியை மட்டும் போனில் கேட்டுவிடுங்கள். அந்தத் தூக்குப்போசித் தக்காளிச் சோற்றை இரவு பதினொன்றேகாலுக்குக் கட்டில் மேல் உட்கார்ந்து காலி செய்தோம். அன்றைய சாப்பாட்டிலேயே ருசியானது அதுதான்.

திரும்பி வந்து ஒரு மாதமாகியும் டிக்கெட் எடுத்த தளம் அண்ணனை விடவில்லை. விடுமுறைச் சலுகை, குடும்பச் சலுகை என்று வாரம் இரண்டு குறுஞ்செய்தி. “இது உனக்குத்தான் வந்திருக்குது” என்று அவனும் சளைக்காமல் எனக்குத் திருப்பி அனுப்புகிறான். நேற்று ஒன்று வந்தபோது என் போன் சின்னவன் கையில் இருந்தது.