485 டாலருக்கு ஒரு குட்டைக் கம்பி: ஷார்ட் ஷிஃப்டர் வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கதை. ஷார்ட் ஷிஃப்டர், அதாவது கை கொஞ்சமாக நகர்ந்தாலே கியர் விழ வைக்கிற கியர் லீவர், 289 டாலர், பொருத்துகிற கூலி 140, இரண்டுக்கும் சேர்த்து 13 சதவீத விற்பனை வரி (எச்.எஸ்.டி.), ஆக 484 டாலர் 77 சென்ட். என் காருக்கு உண்மையில் தேவைப்பட்டது இரண்டு ரப்பர் உறை, லீவர் ஆடாமல் பிடிக்கிற இரண்டு நைலான் புஷ் (உள்வளையம்), ஒரு வாஷர், கொஞ்சம் கியர் ஆயில். எல்லாம் சேர்த்து ஐம்பது டாலரைத் தாண்டவில்லை. கடையின் பெயரைப் போடப் போவதில்லை. இதே வித்தையை இன்னும் பல கடைகள் விற்கின்றன, பெயரைவிட வித்தையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உபயோகம்.

கார் மாஸ்டாவின் 1999 மியாட்டா, கூரை திறக்கிற சின்ன ஸ்போர்ட்ஸ் கார், ஐந்து கியர். டொராண்டோவில் இருப்பதால் நவம்பரில் போர்வை போட்டு மூடினால் பனிக்காகச் சாலையில் போட்ட உப்பெல்லாம் மழையில் கழுவிப் போன பிறகு ஏப்ரல் கடைசியில்தான் வெளியே எடுப்பேன். போன வருஷம் எடுத்தபோது கியர் லீவர் தொளதொளவென்று இருந்தது. நியூட்ரலில் விட்டாலே தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆடும், மூன்றாம் கியர் விழுந்ததா இல்லையா என்று ஒரு நொடி சந்தேகமாக இருக்கும், நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடினால் லீவரின் அடியிலிருந்து கால் பக்கம் சூடு வேறு. காலையில் இரண்டாம் கியர் கரகரவென்று முரண்டு பிடித்தது, ஆனால் குளிரில் அது பழைய மியாட்டாக்களின் பிறவிக் குணம், எனக்கும் பழகிப் போயிருந்தது.

இந்த நிலையில் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? உள்ளே திறந்து பார்க்க வேண்டும். நான் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஃபோனில் ஷார்ட் ஷிஃப்டர் தேடினேன்.

நகரத்துக்கு வெளியே ஒரு பெர்ஃபார்மன்ஸ் கடை, ஆன்லைனிலும் விற்கிறார்கள், பின்னாலேயே ஒர்க்‌ஷாப்பும் உண்டு. விளம்பரத்தில் "40 சதவீதம் குறைந்த வீச்சு" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வீச்சு என்றால் கியர் மாற்ற கை நகர வேண்டிய தூரம். கடைக்குப் போய்ப் பேசியபோது கவுன்டரில் இருந்தவர் அந்த இரண்டாம் கியர் கரகரப்பும் இதைப் போட்டால் சரியாகிவிடும் என்றார். அங்கேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். கரகரப்பு வருவது கியர்பாக்ஸுக்குள்ளே கியர்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கிற பித்தளை சிங்க்ரோ வளையம் தேய்ந்ததால், அல்லது ஆயில் சரியில்லாததால், சில நேரம் கிளட்ச் முழுக்க விடுபடாததால். மேலே இருக்கிற கம்பியை மாற்றினால் உள்ளே தேய்ந்த வளையம் எப்படி வளரும்? தெரிந்த விஷயம்தான், ஆனால் ஆசை வந்துவிட்டால் தெரிந்தது எதுவும் அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை.

பொருத்தி முடித்து சாவியைக் கொடுக்கும்போது லீவரின் தலையில் பளபளவென்று ஒரு அலுமினிய நாப் (கைப்பிடிக் குமிழ்) போட்டிருந்தார்கள், அது இலவசம் என்றார்கள். பழைய லீவரைக் குப்பையில் போட்டுவிடவா என்று கேட்டார் பையன். ஏனோ தெரியவில்லை, வேண்டாம், பழைய நாபோடு பையில் போட்டு டிக்கியில் வையுங்கள் என்றேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது.

முதல் வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தது, குட்டையான லீவர், பந்தயக் கார் ஓட்டுகிற நினைப்பு. இரண்டாவது வாரம் மூவாயிரம் ஆர்.பி.எம். தாண்டினால் லீவர் தேனீ மாதிரி ரீங்காரம் போட ஆரம்பித்தது. ரிவர்ஸ் விழ இரண்டு மூன்று தடவை தள்ள வேண்டியிருந்தது. ஜூன் வெயிலில் கூரையைத் திறந்துவிட்டு நிறுத்தியிருந்தேன், திரும்பி வந்து நாபைப் பிடித்தால் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி உள்ளங்கை சுட்டுவிட்டது. அதுகூடப் போகட்டும், காருக்குள் கியர் ஆயில் வாடை. அழுகின முட்டையும் பழைய கிரீஸும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை, ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது.

கடைக்குத் திரும்பிப் போனேன். ஷார்ட் ஷிஃப்டர் என்றால் கொஞ்சம் முரடாகத்தான் இருக்கும், அதுதான் ஸ்போர்ட்ஸ் கார் உணர்வு என்றார்கள். வாடையைப் பற்றிக் கேட்டால் உங்கள் கார் பழையது என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால், பொருத்திய சாமானை வாங்கிக்கொள்வதில்லை என்று ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். பொருத்தியது யார்? அவர்களேதான். கடைசியில் அடுத்த முறைக்கு 10 சதவீதத் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள், நான் சிரித்தேனா அழுதேனா என்று நினைவில்லை.

ஸ்கார்பரோவில் எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் சின்னதாக கராஜ் வைத்திருக்கிறார். ஸ்போர்ட்ஸ் கார்களில் அவருக்குப் பெரிய நாட்டமெல்லாம் கிடையாது, கரோலாவும் சிவிக்கும்தான் அவருடைய சோறு. கன்சோலைக் கழற்றி, லெதர் உறையைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு, "தம்பி, இதை ஆர் பூட்டினது?" என்றார். "இஞ்ச வந்து பாரும்."

மியாட்டாவில் லீவர் நேராகக் கியர்பாக்ஸின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும், நடுவில் கேபிள் கிடையாது, அதன் கியர் மாற்றும் சுகத்துக்கு அதுவும் ஒரு காரணம். லீவர் இறங்குகிற இடத்தில் சின்னக் கிண்ணம் போல ஒரு குழி, அதில் தனியாகக் கொஞ்சம் கியர் ஆயில் நிற்க வேண்டும். அதை மூடிக்கொண்டு உள்ளே ஒரு ரப்பர் உறை, மேலே பெரியதாக இன்னொன்று. என் காரில் உள் உறை பாதிச் சுற்றளவுக்குக் கிழிந்திருந்தது. கிழிசலின் மேல் கறுப்பு சிலிக்கோன் பசையை விரலால் அப்பியிருந்தார்கள், கைரேகை பதிந்து காய்ந்துபோய் இருந்தது. அந்தக் கிழிசல் வழியாகத்தான் சூடும் சத்தமும் வாடையும் மேலே வந்திருக்கின்றன. கிண்ணத்துக்குள் விரலை விட்டுக் காட்டினார் அண்ணன், வறண்டு கிடந்தது. "எண்ணெய் ஒரு சொட்டும் விடேல்லை." லீவரின் கீழ்முனையில் மாட்டுகிற நைலான் புஷ் அதே பழையதுதான், தேய்ந்து ஒரு பக்கம் பிளந்திருந்தது, அதைக்கூட மாற்றாமல் புதுக் கம்பியை அதிலேயே சொருகியிருக்கிறார்கள். என் பழைய லீவர் ஆடியதற்குக் காரணமே அந்தப் புஷ்தான். ஏப்ரலில் நானே திறந்து பார்த்திருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அப்புறம் டிக்கியிலிருந்து பழைய லீவரை எடுத்து வந்து இரண்டையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், வாங்குவதானால் உங்களுக்கு உதவப்போவது இதுதான்.

கியர் லீவர் ஒரு நெம்புகோல். நடுவில் குண்டு மாதிரி ஒரு தாங்குபுள்ளி, அதற்கு மேலே உள்ள நீளம், கீழே உள்ள நீளம், இந்த இரண்டின் விகிதம்தான் வீச்சைத் தீர்மானிக்கிறது. மேலே 20 சென்டிமீட்டர், கீழே 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்முனை 1 சென்டிமீட்டர் நகர வேண்டுமானால் உங்கள் கை 5 நகர வேண்டும். உண்மையான ஷார்ட் ஷிஃப்டரில் கீழ்ப்பகுதி நீளமாக இருக்கும், அல்லது தாங்குபுள்ளியையே மேலே தூக்கியிருப்பார்கள். கீழ்ப்பகுதி சுமார் ஆறே முக்கால் ஆனால் கை 3 நகர்ந்தால் போதும், அதுதான் 40 சதவீதக் குறைவு. ஆனால் சும்மா கிடைக்காது, அதே கியரை விழவைக்க முன்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அழுத்த வேண்டியிருக்கும், அவசரப்பட்டால் சிங்க்ரோவுக்கும் பாரம் கூடும்.

எனக்கு விற்ற கம்பியை வெர்னியர் அளவுகோலில் அளந்தால், குண்டுக்குக் கீழே உள்ள நீளம் பழைய லீவரோடு மில்லிமீட்டர் பிசகாமல் அப்படியே இருந்தது. மேலே மட்டும் 3 சென்டிமீட்டர் குட்டை. அதாவது வீச்சில் குறைந்திருப்பது வெறும் 15 சதவீதம், அதுவும் கம்பி குட்டையானதால் மட்டும். வீட்டில் ஒரு ரம்பம் இருந்தால் இதை நானே செய்திருப்பேன். கீழ்முனை உருண்டை வேறு பழையதைவிட ஒரு இழை சிறியது, தேய்ந்த புஷ்ஷுக்குள் அது ஆடாமல் என்ன செய்யும்? ரீங்காரம் அங்கிருந்துதான்.

இலவச நாபின் ரகசியமும் அப்போதுதான் வெளிப்பட்டது. மாஸ்டாவின் பழைய லெதர் நாபை அந்தக் கம்பியில் திருகினேன், இரண்டு சுற்றோடு இறுகி நின்றுவிட்டது. மாஸ்டா நாபின் மரை 10 மில்லிமீட்டர் விட்டம், 1.25 மில்லிமீட்டர் பிட்ச் (மரைச் சுற்றுகளின் இடைவெளி). அந்தக் கம்பியில் 1.5, அது ஹோண்டா நாப்களில் வருகிற அளவு. என் சொந்த நாப் ஏறாது என்று தெரிந்துதான் தங்களுடையதைப் பரிசு மாதிரி மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். 289 டாலர் போனதைவிட அன்று அவர்களுக்கு நான் இரண்டு தடவை நன்றி சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது.

அண்ணன் பழைய லீவரையே துடைத்து, புதுப் புஷ்கள், புது அலை வாஷர், இரண்டு புது உறைகள் போட்டு, கிண்ணத்தில் ஆயில் விட்டு மூடினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கூலி கேட்டதற்கு, "முதல் ஓடிப் பாரும், பிறகு கதைப்பம்" என்றார். ஓட்டிப் பார்த்தேன். கியர் ஒவ்வொன்றும் டக் டக்கென்று விழுகிறது, வாடை இல்லை, சூடு இல்லை. இரண்டாம் கியர் மட்டும் காலையில் முதல் ஒரு கிலோமீட்டருக்கு இன்னும் முனகுகிறது, அதற்கு மருந்து பொறுமையும் நல்ல ஜிஎல்-4 தரக் கியர் ஆயிலும்தான்.

பணம்? வெர்னியர் வைத்து எடுத்த படங்களையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து, சொன்ன பொருள் வேறு கொடுத்த பொருள் வேறு என்று கிரெடிட் கார்டு கம்பெனிக்கு எழுதினேன். கடைக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டேன். ஒன்டாரியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான விவரம் சொல்லி விற்றிருந்தால் ஒரு வருஷத்துக்குள் அறிவித்து ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், ரசீதின் பின்பக்கத்தில் அவர்கள் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. ஏழு வாரம் இழுத்து, கம்பியின் விலை வரியோடு 326 டாலர் 57 சென்ட் திரும்பி வந்தது. கூலி 158 டாலர் 20 சென்ட் போனது போனதுதான். வேலை செய்தோமே என்கிறார்கள். செய்தார்கள், சிலிக்கோன் அப்பினார்கள்.

ஷார்ட் ஷிஃப்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் குண்டுக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று கேட்டால் உடனே எண்ணைச் சொல்வார்கள், ஐந்து கியர் பெட்டிக்கா ஆறு கியர் பெட்டிக்கா என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள், ஏனென்றால் ஒன்றின் லீவர் மற்றதற்கு ஆகாது. என் கடைக்காரர் கேட்கவே இல்லை. நாப் மரை என்ன என்றும் கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாமல் சதவீதத்தையே திரும்பச் சொன்னால் கிளம்பிவிடுங்கள். கேபிள் வழியாகக் கியர் மாறுகிற, முன்சக்கரத்தில் இழுக்கிற கார்களுக்கு இந்த அளவெல்லாம் அப்படியே பொருந்தாது, அங்கே கணக்கு வேறு. எந்தக் காராக இருந்தாலும் முதலில் உங்கள் பழைய புஷ்ஷைக் கழற்றிப் பாருங்கள்.

நேற்று அந்தக் கடையின் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். அதே கம்பி, அதே படம், இப்போது 45 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் யாராவது இருந்தால் கேளுங்கள், நான் அளந்த படங்களை அனுப்புகிறேன், உங்கள் கார்டு கம்பெனிக்கு எழுதும்போது உதவும்.