கிண்ணியாப் பாலத்தில் அரை நிமிடம்

"நிப்பாட்ட ஏலாது அக்கா. பின்னால பஸ் வந்தா வானோட சேத்து அள்ளிக்கொண்டு போயிரும்."

வான்காரத் தம்பி இதைச் சொல்லி முடிக்க, திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் போகும் பாலமும் முடிந்துவிட்டது. மொத்தமே 396 மீட்டர்தானே. வலது பக்கம் தம்பலகாமக் குடாவில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது, இடது பக்கம் கொட்டியாரக் குடா. பதின்மூன்று வருசத்துக்குப் பிறகு பார்க்கிறேன், அதுவும் அரை நிமிடம், கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கருக்கு மேலால்.

"திருப்புங்க தம்பி" என்றேன். திருப்பினான். இன்னுமொரு அரை நிமிடம். மூன்றாம் தரமும் கேட்டபோது, "ஏதும் விழுத்திட்டீங்களா அக்கா?" என்றான், உண்மையான கவலையோடு.

ஊரில் யாரிடம் கேட்டாலும் ரோட்டைப் பற்றி ஒரே பேச்சு: காப்பெட் போட்டாச்சு, பறந்து வரலாம். சரி, பறக்கலாம். ஊர் பார்க்க வந்தவளுக்கு எதற்குப் பறப்பு? ஒதுங்கி நிற்க ஒரு இடம், கொஞ்சம் நிழல், மூக்கைப் பொத்தாமல் போகக்கூடிய ஒரு கழிப்பறை, எதிரே தெரிகிற தண்ணீர் எது என்று சொல்ல ஒரு பலகை. இவ்வளவுதான் கேட்கிறேன். நான் இருக்கும் நோர்வேயில் அரசாங்கமே 18 ரோட்டுகளைக் காட்சிச் சாலை என்று பிரித்து, வளைவுக்கு வளைவு நிறுத்துமிடம் கட்டி வைத்திருக்கிறது. உரெட்பிளாசன் என்ற இடத்தில் அலை மாதிரி வளைத்த ஒரு கொங்கிறீட் கழிப்பறை. அதைப் படம் எடுக்கவே சனம் போகிறது! அங்கே கடலும் மலையும் வடிவுதான். ஆனால் கொட்டியாரத்துக்கு அது ஈடாகுமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும்வரை இங்கே பாதை ஓடியது. பாதை என்றால் ரோட்டு இல்லை, வாகனம் ஏற்றி அக்கரை சேர்க்கும் அந்தத் தட்டைப் படகு. அது அக்கரையில் நின்றால் போச்சு, வெயிலில் காய வேண்டியதுதான். அப்பா திட்டிக்கொண்டே இருப்பார். நாங்கள் கச்சான் கோதை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டு, எது முதலில் போகிறதென்று பந்தயம் பிடிப்போம். குடாவை நாங்கள் பார்த்ததெல்லாம் அந்தக் காத்திருப்பில்தான். அதற்காகப் பழையபடி பாதை வேண்டும் என்பேனா? அம்மம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இரவில் இந்தக் கரையில் நின்ற எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.

மறுநாள் ஆட்டோவில் போய், கிண்ணியாப் பக்கம் இறங்கி, மகனோடு பாலத்தின் ஓரமாக நடந்தேன். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டோம். "இதில எதம்மா கொட்டியாரம்?" என்றான். காட்டினேன். இருட்டும் வரைக்கும் நின்றோம்.

சைக்கிளில் கச்சான் விற்றுக்கொண்டு வந்த பெரியவர் எங்களைக் கண்டு காலை ஊன்றினார்.

"என்ன மகள், பஸ்ஸ விட்டுட்டீங்களா?"