சுடர்ச் சோதனை: வெறும் கண்ணா, ஸ்பெக்ட்ரோஸ்கோப்பா?

ஒரு உப்பில் எந்த உலோகம் இருக்கிறது என்பதை, அது சுடருக்குத் தரும் நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் சுடர்ச் சோதனை. ஒரே ஒரு உப்பு, அதுவும் சுத்தமானது என்றால் கண்ணே போதும். பிளாட்டினம் கம்பியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்து, சுடரில் நிறமே வராத அளவுக்குச் சுத்தம் செய்துவிட்டு, உப்பைத் தொட்டுக் காட்டினால் சில நொடிகளில் பதில் வந்துவிடும்: தாமிரம் பச்சை, கால்சியம் செங்கல் சிவப்பு.

சிக்கலே சோடியம்தான். விரல் பட்ட கம்பியில் ஒட்டிய உப்பே போதும், அதிலுள்ள சோடியத்தின் மஞ்சள், பொட்டாசியத்தின் மெல்லிய ஊதாவை அப்படியே விழுங்கிவிடும். கோபால்ட் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மஞ்சள் வடிந்து ஊதா தெரியும், சரி. ஆனால் லித்தியமும் ஸ்ட்ரான்சியமும் இரண்டுமே சிவப்பாக எரியும்போது என்ன செய்வது?

இங்கேதான் ஸ்பெக்ட்ரோஸ்கோப் அசத்துகிறது. கண் எல்லா ஒளியையும் கலந்து ஒரே நிறமாகப் பார்க்கிறது, இந்தக் கருவியோ அதைத் தனித்தனி நிறக் கோடுகளாகப் பிரித்து வைக்கிறது. லித்தியத்துக்கு 670.8 நானோமீட்டர் அலைநீளத்தில் பளிச்சென்று ஒரு சிவப்புக் கோடு. ஸ்ட்ரான்சியத்துக்குச் சிவப்பு, ஆரஞ்சுப் பட்டைகள், கூடவே 460.7-இல் ஒரு நீலக் கோடு. அந்த நீலத்தைப் பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை. எலக்ட்ரான்களின் ஆற்றல் மட்டங்கள் தனிமத்துக்குத் தனிமம் வேறு என்பதால் கோடுகளும் வேறு.

1860-இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் பன்சனும் கிர்க்காஃபும் கனிம நீரை ஆராய்ந்து, அதுவரை யாரும் அறியாத சீசியம் என்ற தனிமத்தைப் பிடித்தது இரண்டு நீலக் கோடுகளை வைத்துத்தான். கலவை என்றால் நான் யோசிக்காமல் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பைத்தான் எடுப்பேன்.