சாரல் பக்கத்துக்கு எந்த பிரேம்? இரும்பும் அலுமினியமும்

புளியரையில் தொடங்கிக் கோட்டைவாசல் வரை ஏறி, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போகிற சாலையில்தான் என் சைக்கிள் பெரும்பாலும் ஓடுகிறது. செங்கோட்டைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் அதுவே கொட்டும் மழை. கூடவே பாரம் ஏற்றிய லாரிகள், அவை போட்டுவைத்த பள்ளங்கள். பழைய வண்டியை மாற்றும்போது குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த) இரும்பு பிரேம், சஸ்பென்ஷன் இல்லாத இரும்பு போர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை), தனித்தனியாக வாங்கிப் பூட்டிய பாகங்கள் என்று முடிவெடுத்தேன். அலுமினிய பிரேமும் சஸ்பென்ஷன் போர்க்கும் கொண்ட கம்பெனி சைக்கிள் அதைவிடக் குறைந்த விலைக்குக் கடையில் தயாராக நின்றது. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று ஒளிக்கப்போவதில்லை.

எடையை முதலில் முடித்துவிடுவோம், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அலுமினியத்தின் அடர்த்தி இரும்பின் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அதே உறுதிக்கு அலுமினியக் குழாயைப் பருமனாகவும் தடிப்பாகவும் செய்ய வேண்டியிருப்பதால், பிரேமுக்குப் பிரேம் வித்தியாசம் சுமார் முக்கால் கிலோவில் நின்றுவிடும். ஆளும் வண்டியும் தண்ணீரும் சேர்ந்து 90 கிலோ என்றால், அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அரை மணி நேர ஏற்றத்தில் இருபது நொடிக்குள் அடங்கிவிடும். பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிதுதான். ஆரியங்காவில் பழம்பொரிக்காக நிற்கிறவர்களுக்கு இல்லை.

இரும்பு பிரேம் அதிர்வை விழுங்கும் என்று அதன் ரசிகர்கள் சொல்வதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 40 மி.மீ. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் கிடைக்கிற சுகம், எந்தக் குழாயும் தருவதைவிட அதிகம்.

என் தீர்மானத்தை முடிவுசெய்தது வேறு விஷயம். உடைந்தால் இந்தப் பக்கம் யார் சரிசெய்வார்கள்?

சைக்கிள்களில் அதிகம் பார்க்கிற அலுமினியம் 6061 வகை. குழாய்களை வெல்டிங் செய்த பிறகு, பிரேமை முழுசாக 530 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து, அப்புறம் குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்துத்தான் அந்த உறுதியைக் கொண்டுவருகிறார்கள். விரிசல் விட்ட இடத்தை மறுபடி வெல்டிங் செய்தால் சுற்றியுள்ள உலோகம் அந்தப் பதத்தை இழந்து இளகிப்போகும். பார்வைக்கு ஒட்டியிருக்கும், பலம் பாதி போயிருக்கும். பிரேமை மறுபடி அந்தச் சூட்டில் வைத்து எடுக்க, தென்காசியில் யாரிடம் போவது? நம் ஊர் கேஸ் வெல்டிங் பட்டறைக்காரரிடம் கேட்டபோது சுருக்கமாகச் சொன்னார்: "இரும்புன்னா குடுங்க அண்ணாச்சி, ஊதித் தாரேன். அலுமினியம்னா ஆர்கான் வச்சிருக்கவன்கிட்ட போங்க. அப்புறம் நிக்குமா நிக்காதான்னு எங்கிட்ட கேக்கப்பிடாது."

ஆனால் குரோமோலியை எந்த வெல்டிங் கடையில் வேண்டுமானாலும் நீட்டிவிடக் கூடாது. நல்ல பிரேமின் குழாய்கள் முனையில் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. தடிப்புதான் இருக்கும். கேட் அடிக்கிற கம்பி வெல்டிங்கை வைத்தால் ஓட்டை விழுந்துவிடும். பித்தளை வைத்து ஊதத் தெரிந்த கை வேண்டும், இல்லையென்றால் மெல்லிய குழாயில் பழகிய, ஆர்கான் வாயு வைத்து வெல்டிங் செய்கிறவர் வேண்டும். முதல் வகை ஆட்கள் வயதாகிக் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதும் உண்மைதான். இருந்தாலும் இன்றைக்கு இருக்கிறார்கள்.

விரிசல் வராவிட்டாலும் இது பொருந்தும். பின் கியரைத் தாங்குகிற ஹேங்கர் வளைந்தால், இரும்பில் நிமிர்த்திக்கொள்ளலாம். அலுமினிய வண்டியில் அது தனித் துண்டு. மாடலுக்கு மாடல் வடிவம் மாறும், அதே துண்டு கிடைக்கும்வரை வண்டி சுவரோரம்தான். அதனால் அலுமினியமே வாங்கினாலும் ஒரு ஹேங்கரைக் கூடுதலாக வாங்கிச் சீட்டுக்கடியில் கட்டிவையுங்கள். பெடல் அச்சு உட்காரும் இடத்தையும் பாருங்கள். பி.எஸ்.ஏ. என்கிற திருகு மரை போட்ட 68 மி.மீ. அகலக் கூடு என்றால் கழற்ற ஒரு சாவியும் கொஞ்சம் கிரீசும் போதும். செயின் பக்க மரை இடக்கை மரை என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். அழுத்திப் பொருத்துகிற வகை மழையில் நனைந்து நனைந்து கிறீச்சிட ஆரம்பித்தால், அதைக் கழற்றிப் போடும் கருவி ஊர்க் கடைகளில் இருக்காது.

சரி, துரு. இது நியாயமான கேள்வி. இரும்பு பிரேம் வெளியிலிருந்து அழிவது குறைவு. பெயின்ட் உரிந்த இடம் கண்ணுக்குத் தெரியும், தொட்டுப் பூசிவிடலாம். ஆபத்து உள்ளே. சீட் கம்பி நுழைகிற வாய் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, கீழே பெடல் கூட்டில் தேங்கும். அங்கே வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். நான் சாரல் தொடங்குவதற்கு முன்பு பாகங்களைக் கழற்றி, பெயின்ட் கடையில் கிடைக்கிற லின்சீட் ஆயிலைக் குழாய்களுக்குள் ஊற்றி, பிரேமைத் திருப்பித் திருப்பி எல்லாப் பக்கமும் ஓடவிட்டு, மிச்சத்தை வடித்து, சில நாள் காயவிடுகிறேன். இரும்புத் தோசைக்கல்லுக்கு எண்ணெய் காட்டுகிற அதே வேலைதான். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். அதற்குப் பொறுமை இல்லாதவர் இந்தப் பக்கத்தில் இரும்பு பிரேம் வாங்கவே கூடாது. சீட் கம்பி அலுமினியமாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. இரண்டு உலோகமும் ஈரத்தில் சேர்ந்து இறுகிக்கொள்ளும். அவ்வப்போது உருவி, கிரீஸ் தடவித் திரும்பச் செருக வேண்டும்.

போர்க்குக்கு வருவோம். விலை குறைந்த சைக்கிள்களில் வரும் ஸ்பிரிங் சஸ்பென்ஷன் போர்க் இரண்டரை கிலோவை ஒட்டி வரும். குரோமோலி போர்க் ஒன்றேகால் கிலோ பக்கம். பிரேமில் மிச்சம் பிடிக்க நினைக்கிற எடையைவிட இந்த ஒரு இடத்தில் போவது அதிகம். நல்ல காற்று சஸ்பென்ஷன் போர்க் வேறு ரகம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்ற ஏறக்குறைய 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். சேறும் மழையும் உள்ள பாதையில் இதைத் தள்ளிப்போட முடியாது. சீல் மாற்ற வேண்டும் என்றால் கொச்சிக்கோ மதுரைக்கோ அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். புனலூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வேரும் கல்லுமாகக் கிடக்கும் மண் பாதைகளில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் அந்தச் சிரமத்துக்குப் பலன் உண்டு. தார் ரோடும் பள்ளமும் என்றால் அகலமான டயர் போதும். கார்பன் போர்க்கைப் பற்றி என்னிடம் பெரிய அனுபவம் இல்லை. நண்பர் வண்டியில் ஓட்டியபோது நன்றாகவே இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இருக்கிற வண்டியில் சஸ்பென்ஷனைக் கழற்றி இரும்பு போர்க் போட நினைப்பவர்கள் நீளத்தை அளந்து வாங்க வேண்டும். சக்கர அச்சிலிருந்து போர்க்கின் தோள் வரை உள்ள தூரம் 20 மி.மீ. குறைந்தால், ஹேண்டில் கோணம் ஏறக்குறைய 1 டிகிரி செங்குத்தாகும். ரோடு சைக்கிளின் குட்டை போர்க்கை மாட்டினால் கோட்டைவாசல் இறக்கத்தில் வண்டி பதறும், பெடலும் தரைக்கு நெருங்கிவிடும். சஸ்பென்ஷன் நீளத்துக்கு ஈடாகச் செய்த போர்க் என்று கேட்டு வாங்குங்கள். புது பிரேம் என்றால் போர்க்கின் தண்டு நுழைகிற தலைக்குழாய் 44 மி.மீ. உள்ளது நல்லது. நேரான தண்டு, கீழே பருத்த தண்டு இரண்டுமே தகுந்த ஹெட்செட் (தண்டு திரும்புகிற பேரிங்) போட்டால் உட்காரும்.

உடல் அளவெடுத்து பிரேம் கட்டித் தருவதை நான் தேவையென்று நினைக்கவில்லை. கை, கால் நீளம் வழக்கத்துக்கு மிகவும் மாறி இருப்பவர்களுக்கு அது பயன்படும். மற்றவர்கள் சரியான சைஸ் பிரேமை வாங்கி, ஹேண்டிலைப் பிடிக்கிற ஸ்டெம்மின் நீளத்தை மாற்றிக்கொண்டாலே போதும். பாகம் பாகமாக வாங்குவது எப்படியும் கம்பெனி வண்டியைவிடச் செலவு கூடத்தான் செய்யும். கம்பெனிகள் மொத்தமாக வாங்குகிற விலை நமக்குக் கிடைக்காது.

வண்டியைத் திரும்ப விற்கும்போதும் அலுமினியத்துக்கே வெற்றி. பெயர் தெரிந்த கம்பெனி வண்டியை விளம்பரம் போட்டால் நாலு பேர் கூப்பிடுவார்கள். நாமே கோத்த இரும்பு வண்டியின் அருமை தெரிந்த ஆள் அமைந்தால்தான் உண்டு. இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றுகிற பழக்கம் இருந்தால், மேலே சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு அலுமினியமே வாங்கலாம்.

எதை வாங்கினாலும் பிரேமையும் போர்க்கையும் ஒன்றாகவே வாங்கிவிடுங்கள். டிஸ்க் பிரேக் மாட்டும் இடம் இரண்டிலும் உங்கள் பிரேக்குக்குப் பொருந்துகிறதா, 40 மி.மீ. டயருக்கு மேலே மட்கார்டுக்கும் இடம் இருக்கிறதா, அதைப் பூட்ட ஓட்டை விட்டிருக்கிறார்களா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். மட்கார்டு இல்லாமல் இந்தச் சாலையில் சாரல் காலத்தில் ஓட்ட முடியாது.