கொல்லையில் கோழி: மூன்று இடத்தில் குஞ்சு வாங்கிய அனுபவம்

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் கொல்லை, அதைத் தாண்டினால் வாய்க்கால், அப்புறம் வயல். இரண்டு வருடத்தில் மூன்று இடத்தில் குஞ்சும் கோழியும் வாங்கி, நாலு ரகம் வளர்த்துப் பார்த்துவிட்டேன். இடத்தை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. மேட்டுக்காட்டில், ஷெட்டுக்குள் ஜோராக வளரும் கோழி ஐப்பசி அடைமழையில் எங்கள் சேற்றில் நின்று தாக்குப்பிடிக்கும் என்று நம்பித்தான் நான் பணத்தை விட்டேன்.

முதலில் வாங்கியது வேனில் மைக் கட்டிக்கொண்டு வந்தவரிடம். 'அசல் நாட்டுக்கோழிக் குஞ்சு', ஒரு நாள் வயது, ஒன்று 35 ரூபாய், 25 வாங்கினேன். பக்கத்துக் கூடையில் பச்சையும் ரோஸுமாய்ச் சாயம் பூசிய கலர்க் குஞ்சு பத்து ரூபாய். அது முட்டைக்கோழிப் பண்ணைக்கு வேண்டாத சேவல் குஞ்சு. முட்டையும் கிடையாது, லேசில் சதையும் பிடிக்காது. என் மகள் அழுததால் அதிலும் இரண்டு. வாங்கியது ஐப்பசி மாதம், அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். தாய் இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் சுமார் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரம் மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தகரத்தை வட்டமாக வளைத்து, உமி பரப்பி, மேலே பேப்பர் போட்டு, நூறு வாட்ஸ் பல்பு தொங்கவிட்டு எல்லாம் சரியாகத்தான் செய்தேன். மூன்றாம் நாள் ராத்திரி மழையில் கரண்ட் போனது, விடிந்து பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கி எட்டு போயிருந்தது. ஈரமான உமியில் ரத்தக் கழிச்சல் வந்து இன்னும் ஆறு. மிஞ்சிய பதினொன்றும் வளர்ந்தபோது அச்சில் வார்த்த மாதிரி ஒரே செம்பழுப்பு நிறம். ஊர்க்கோழிக் கூட்டத்தில் ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காதே, அப்போதுதான் ஏமாந்தது புரிந்தது.

இரண்டாவது, ஒரு தனியார் குஞ்சு பொரிப்பகம். போனில் சொல்லி வைத்து, ஒரு மாதக் குஞ்சாக வனராஜா பத்து, கிராமப்ரியா பத்து, ஒன்று 120 ரூபாய் என்று வாங்கினேன். குஞ்சு நல்ல குஞ்சுதான், அதில் குறை சொல்ல மாட்டேன், சொன்ன ரகத்தையே கொடுத்தார்கள். ஆனால் என்ன தடுப்பு மருந்து, எந்த நாளில் போட்டீர்கள் என்று கேட்டால் "எல்லாம் போட்டாச்சு சார்" என்பதோடு சரி, ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. நானும் அதை நம்பிச் சும்மா இருந்துவிட்டேன். மூன்று மாதத்தில் வெள்ளைக் கழிச்சல் வந்து ஏழு கோழி நாலு நாளில் போனது. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "எட்டாவது வாரம் ஊசி போட்டீங்களா?" முதல் வாரம் கண்ணில் விடும் சொட்டு மருந்து கடைசிவரை காக்காது, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி போட்டே ஆக வேண்டும். அதை விற்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாதித் தப்பு அவர்களுடையது, பாதி என்னுடையது.

இந்த இரண்டு ரகமும் ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகத்தில் உருவாக்கியவை. வனராஜா பார்க்க ராஜாதான், கலர் கலராக, ஆறு மாதத்தில் என் சேவல் இரண்டரைக் கிலோ நின்றது. ஆனால் உடம்பு கனம், ஓட்டம் இல்லை. சாயங்காலம் கீரி வந்தால் ஊர்க்கோழி பூவரச மரத்தில் ஏறிவிடும், இது நின்று வேடிக்கை பார்க்கும். கறிக்கு என்றால் சரி, மேய விடத்தான் என்றால் ஐந்துக்கு இரண்டரை. கிராமப்ரியா உடம்பு லேசு, பழுப்பு முட்டை. வீட்டு வளர்ப்பில் வருடத்துக்கு 160, 180 என்று சொல்வார்கள். குருணையும் தவிடும் மட்டும் போட்டபோது எங்கள் வீட்டில் அதில் பாதிகூட வரவில்லை, முட்டைக்கோழித் தீவனம் வாங்கிக் கலந்த பிறகு ஏறியது. அடை மட்டும் உட்காராது. அதன் முட்டையைப் பொரிக்க வைத்தாலும் கலப்பின வாரிசு தாயைப் போல முட்டையிடாது, ஆக ஒவ்வொரு தடவையும் பொரிப்பகத்துக்குத்தான் போக வேண்டும்.

கடக்நாத் ஒரு ஜோடியும் ஆசைக்கு வாங்கினேன். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதிக் கோழி, 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. எல்லாரும் கேட்பதால் சொல்கிறேன், கறிதான் கறுப்பு, முட்டை கறுப்பு இல்லை. சொன்ன விலைக்கு எங்கள் ஊரில் வாங்க ஆளில்லை.

மூன்றாவது இடம் கடையே இல்லை, நாலு வீடு தள்ளியிருக்கும் அத்தாச்சி. சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழிப் பெட்டை மூன்று, ஒன்று 500 ரூபாய். "விலை குறைக்க மாட்டேன் தம்பி, வேணும்னா அடை வைக்கறதுக்கு ஒரு கூடை தர்றேன்" என்றார். குறைக்காததில் எனக்கு வருத்தமில்லை. இது பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அடையில் உட்காரும், 21 நாளில் பொரிக்கும், பிறகு இரண்டு மாதத்துக்குமேல் குஞ்சோடு சுற்றும். வருடத்துக்கு மூன்று, நாலு ஈடுதான். முட்டைக் கணக்கு பார்த்தால் நஷ்டம் மாதிரித் தெரியும். ஆனால் பல்பு வேண்டாம், கரண்ட் போனால் கவலை வேண்டாம். பருந்து நிழல் தெரிந்ததும் தாய் ஒரு குரல் கொடுக்கும், அத்தனை குஞ்சும் வைக்கோல் போருக்கடியில் போய்விடும். பல்பு வெளிச்சத்தில் வளர்ந்த குஞ்சுக்கு அந்தக் குரலை யார் சொல்லிக்கொடுப்பது? ஐந்துக்கு நாலரை. அரை மார்க்கைப் பிடித்துக்கொண்டது, என் கத்தரி நாற்றை மூன்று முறை கிளறிப் போட்டதற்காக.

முதல் அடைக்கு அப்பாயி பதின்மூன்று முட்டைதான் வைக்க விட்டது, ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டுமாம். இடி இடித்தால் கூமுட்டை ஆகிவிடும் என்று கூடைக்குள் ஒரு இரும்புத் துண்டு, கரி, நாலு மிளகாய் வற்றல். பதினொன்று பொரித்தது. இரும்பாலா என்று கேட்காதீர்கள், நான் அதை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எந்த ரகமானாலும் எங்கள் பக்கம் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பக்கத்து வயலில் குருணை வடிவப் பூச்சி மருந்து போடும் நாள் எது என்று கேட்டு வைத்து, இரண்டு மூன்று நாள் கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுங்கள். தாளடி நெல் சாகுபடியின்போது இதைக் கவனிக்காமல் விட்டு, செத்துக் கிடந்த இரண்டு பெட்டையை வரப்பில் பொறுக்கி வந்தேன்.

புதிதாக ஆரம்பிப்பவர் தை பிறந்ததும் ஆரம்பிக்கலாம். மழை ஓய்ந்திருக்கும், அரசாங்கத்தின் கோழிக் கழிச்சல் (அந்த வெள்ளைக் கழிச்சல்தான்) தடுப்பூசி முகாமும் பெரும்பாலும் பிப்ரவரியில்தான் வரும். முட்டையிடும் சிறுவிடை நாலை ஊருக்குள்ளேயே வாங்குங்கள், சேவலை மட்டும் வேறு ஊரில் பாருங்கள், ஒரே ரத்தமாகிவிடக் கூடாது. முட்டைக்கு வேண்டுமென்றால் கிராமப்ரியா ஆறு சேர்த்துக்கொள்ளலாம், மருந்து போட்ட தேதியை எழுதி வாங்கிக்கொண்டு. என் சாம்பல் பெட்டை இப்போது அடையில் இருக்கிறது, வருகிற வெள்ளிக்கிழமை இருபத்தோராம் நாள்.