‘காப்பீடு ஏற்கப்படும்’ என்ற போர்டை மட்டும் நம்பி அட்மிஷன் போட்டுவிடாதீர்கள்

முக்கூடல், அம்பை, சேரன்மகாதேவி பக்கம் இருந்து வைத்தியத்துக்குத் திருநெல்வேலி வருகிறவர்கள் இதைத் தயவுசெய்து படித்துவிடுங்கள். போன ஐப்பசியில் எங்கள் அம்மாவுக்கு நடந்தது.

அம்மாவுக்கு 63 வயது. சிறுவயதிலிருந்தே பீடி சுற்றுகிறாள். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் மூலமாக மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுவதால் அதுவரை பெரிய சிரமம் இல்லை. அந்த வாரம் கால் இரண்டும் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். ஊர் டாக்டர் பார்த்துவிட்டு, “எம்.டி. டாக்டர் யாருட்டயாவது உடனே காட்டிருங்க” என்றார்.

எங்களிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை. ஹைகிரவுண்ட் அரசு பெரிய ஆஸ்பத்திரிக்கே போவோம் என்றுதான் அம்மா சொன்னாள். இந்த மூச்சு வாங்கலோடு கூட்டத்தில் எப்படி நிற்பாள் என்று நான்தான் தடுத்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அட்டை ஏற்கப்படும் என்று வாசலிலேயே பெரிய போர்டு. பொது மருத்துவர் தினமும் இருப்பார் என்றும் எழுதியிருந்தது.

ரிசப்ஷனில் இருந்த பெண், “அட்டை ஜெராக்ஸ் குடுங்கண்ணே, அப்ரூவல் வந்துரும். இப்போ பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டிருங்க, வந்ததும் திருப்பித் தந்துருவோம்” என்றாள். கட்டினேன். கையெழுத்தும் சீலும் இல்லாத ஒரு துண்டுச் சீட்டு தந்தார்கள். மறுநாள் இன்னும் பதினைந்தாயிரம் கேட்டார்கள். அம்மாவின் கம்மலை அடகு வைத்தேன். அப்ரூவல் என்னாச்சு என்று கேட்கும்போதெல்லாம் சர்வர் வேலை செய்யவில்லை என்றே பதில். டாக்டர் ராத்திரி ஒரு தடவை வந்து ஐந்து நிமிடம் நிற்பார்.

மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். பில் 41,300 ரூபாய். அட்டையைக் கேட்டதும் அதே பெண், “எங்களுக்கு எலும்பு ஆபரேஷனுக்கு மட்டுந்தாண்ணே அட்டை. மெடிக்கல் கேசுக்குக் கிடையாது” என்றாள். ஃபைலைக் காட்டச் சொன்னேன். நான் கொடுத்த ஜெராக்ஸ் நான்காக மடித்தபடியே உள்ளே இருந்தது. மடிப்பைக்கூடப் பிரிக்கவில்லை. யாருக்கும் விண்ணப்பமே போகவில்லை. நான் சத்தம் போட்டபோது அம்மா என் கையைப் பிடித்து, “எய்யா, சண்ட போடாத, வீட்டுக்குப் போவோம்” என்றாள். மீதிப் பணத்தை மச்சான் கொண்டுவந்து கட்டிய பிறகுதான் விட்டார்கள்.

அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறது என்றால் எல்லா நோய்க்கும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பிரிவு பிரிவாகத்தான் அனுமதி. கண்ணுக்கு மட்டும் வாங்கியிருப்பார்கள், எலும்புக்கு மட்டும் வாங்கியிருப்பார்கள். சாதாரணமாக டாக்டரைப் பார்த்துவிட்டு வரும் ஃபீஸுக்கும் வெளியே வாங்கும் மாத்திரைக்கும் அட்டை செல்லாது. உள்நோயாளியாகச் சேர்ந்து, அந்தச் சிகிச்சை திட்டப் பட்டியலிலும் இருக்க வேண்டும். ஒப்புதலை ஆஸ்பத்திரிதான் விண்ணப்பித்து வாங்க வேண்டும். இது பணம் கட்டாமல் பார்க்கும் திட்டம். பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு அட்வான்ஸ் கேட்டாலே அங்கே ஏதோ சரியில்லை.

அதனால் சேர்ப்பதற்கு முன்னால், “அட்டை எடுப்பீங்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள். நான் அதைத்தான் கேட்டேன். “பொது மருத்துவப் பிரிவுக்கு உங்களுக்கு அனுமதி இருக்கா? இந்த நோய்க்கு ஒப்புதல் கேட்டாச்சா?” என்று காப்பீட்டு கவுன்டரில் இருப்பவரிடமே கேளுங்கள். கவுன்டரே இல்லையென்றால் வெளியே வந்துவிடுங்கள். 1800 425 3993 என்ற இலவச எண்ணில் ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லிக் கேட்கலாம். அட்டை இல்லாதவர்கள், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி ரேஷன் கார்டு, ஆதாரோடு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நோய் வந்த பிறகு அலைவது ரொம்பக் கஷ்டம்.

பத்து நாள் கழித்து ஹைகிரவுண்டுக்கே போனோம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிட்டோம். பொது மருத்துவப் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா அம்மாவின் காலை விரலால் அழுத்திப் பார்த்தார். குழி விழுந்து அப்படியே நின்றது. எக்கோ எடுக்கச் சொல்லி, இதயம் கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது என்று மாத்திரையை மாற்றினார். ஒரு ரூபாய் செலவில்லை. தனியாரில் மூன்று நாள் கிடந்தும் எக்கோ எடுக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது அம்மா படுத்துத் தூங்குகிறாள். கம்மல் இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது. அந்தத் துண்டுச் சீட்டு, பில் எல்லாவற்றையும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் திரும்பி வந்தால் அதையும் எழுதுகிறேன்.